செப்புத் தகட்டில் இல்லாதவள்

ழான்-பப்திஸ்த் கொல்பேரின் முகத்தைப் புதுச்சேரி நூலகம் ஒன்றில், பழைய பிரெஞ்சு வரலாற்று நூலில் பார்த்தேன். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர். ரொபேர் நாந்தேய் செப்புத் தகட்டில் செதுக்கிய உருவம். நிழலுக்கு நெருக்கமான கோடுகள், ஒளிக்கு வெறும் தாள். "உயிரோட இருக்கற மாதிரியே இருக்கும்மா" என்றாள் உடன்வந்த மாணவி. எனக்கும் பிடித்திருந்தது. பிடித்ததுதான் உறுத்தியது.

கொல்பேர் இங்கே வந்ததில்லை. ஆனால் 1664இல் அவர் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில்தான் 1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். பெண்ணின் கருப்பையையும் அரசாங்கக் கணக்கில் சேர்த்தவர் கொல்பேர். பத்துப் பிள்ளைகள் உள்ள தகப்பனுக்கு வரிவிலக்கு என்றது 1666ஆம் ஆண்டின் ஆணை. சலுகை தகப்பனுக்கு, பெற்றவளுக்கு அல்ல.

அடிமைகளுக்கான 'கோத் நுவார்' சட்டத்துக்கும் ஏற்பாடு செய்தவர் அவரே. அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1685இல் அது வெளியானது. தகப்பன் சுதந்திர மனிதனானாலும் தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்றது. பெயரும் சொத்தும் தந்தைவழி வரவேண்டும் என்ற சமூகம், அடிமைத்தனத்தை மட்டும் தாய்வழிச் சீதனமாக்கியது. இச்சட்டத்தை ஒட்டிய ஆணை 1723இல் பூர்போன் தீவுக்கும் மொரீசியசுக்கும் பிறந்தது. அந்தத் தீவுகளுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். பெண்களும்தான்.

அவர்களில் ஒருத்திக்குக் கவிதையில் முகம் கொடுக்க நினைத்தேன். மூக்குத்தி, கலைந்த கொண்டை, கடலைப் பார்க்கும் கண்கள் என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். கொல்பேர் தன்னை வரையச் சம்மதித்து உட்கார்ந்தவர். இவளிடம் யார் சம்மதம் கேட்டது? என் இரக்கத்துக்கு ஏற்ற முகத்தை அவள்மேல் ஒட்டினால், நானும் அவளை எடுத்து ஆள்பவள்தானே? எழுதாமல் விட்டால், ஆவணம் செய்த புறக்கணிப்புக்கு உடன்பட்டதாகாதா?

இந்தக் கேள்வியை வகுப்பில் வைத்தேன். "பேராவது வைக்கலாமே" என்றாள் ஒருத்தி. "ஏற்கெனவே எசமான் வச்ச பேரு ஒண்ணு இருந்திருக்கும். நாம வேற ஒண்ணு வைக்கணுமா?" என்றாள் இன்னொருத்தி. அன்றைக்கு அந்தப் பேச்சு முடியவில்லை.

இப்போது அந்தப் படத்தையும் சட்டத்தின் அந்த வரியையும் சேர்த்தே காட்டுகிறேன். முகத்தின் அழகை மறைக்கவில்லை. வரியைத் தள்ளியும் வைக்கவில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவள்மேல் விழுந்த சட்டம் மட்டுமே. அதைத் தெரிந்தபடி சொல்வதே அவளுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை. அவள் முகம் அவளுடையது.