பழைய ஓலைத் தொப்பி

பழைய பொருளைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது சிக்கனமா, பற்றா? மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவ்வினா எழுவதுண்டு. வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் கடலைக் கொல்லையில் வெயிலுக்கு அணியும் ஓலைத் தொப்பியைக் கொண்டே இதனை ஆராய்வோம். (துறவியர் வெயிலைத் தலையில் ஏற்பர், நிழல் வேண்டுவது இல்லறத்தார்க்கே.)

விலை அற்பம், எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்பர். ஆயின் ஒருவர் பனையேறி ஓலை வெட்ட வேண்டும். மற்றொருவர் அதனை உலர்த்தி, சீராக வகிர்ந்து, பின்ன வேண்டும். பனாமாத் தொப்பி என உலகம் அழைப்பது உண்மையில் எக்குவடோர் நாட்டினது. பெயர் ஓரிடத்திற்கு, உழைப்பு வேறிடத்தில்! அப்பின்னற்கலையை 2012இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பின்னும் விரல்களின் பொறுமை இங்கும் அதுவே.

தூய்மை செய்யுமுன் பார்த்தல் வேண்டும். துறவியர் நூலையோ கமண்டலத்தையோ எடுக்கும்போதும் வைக்கும்போதும் மயிற்பீலியால் மெல்ல வருடி, உயிர்கள் உளவோ எனக் காண்பர். ஆதான நிக்ஷேபண சமிதி என்பது இதுவே. மழைக்காலம் கழித்து ஆணியிலிருந்து எடுக்கும் தொப்பியின் மடிப்புகளில் சிறு பூச்சிகளும் சிலந்தியும் குடியிருக்கும். திண்ணை நிழலில் வெள்ளைத் துணி விரித்து, மெல்லத் தட்டி, மென்தூரிகையால் பின்னலின் போக்கிலேயே துடைத்தால் அவை இறங்கிவிடும். துணியைச் செடியடியில் உதறலாம். அதன் பின்னரே ஈரம். நீரில் அமிழ்த்தினால் பின்னல் நெகிழும். வியர்வைக் கறைக்குச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். நசுங்கிய உச்சியை ஈரம் இருக்கும்போதே தலையளவுள்ள மண்சட்டியின்மேல் கவிழ்த்து நிழலில் உலர்த்தினால் வடிவம் மீளும். காய்ந்தபின் வளைத்தால் ஒடியும்.

இனி வினாவின் கடினமான பகுதி. பூச்சி ஓலையைத் துளைத்து உள்ளேயே குடிகொண்டுவிட்டால்? மருந்து தெளித்தால் தொப்பி பிழைக்கும். சமையல் முதலிய இல்லப் பணிகளில் தவிர்க்கவியலாது நேரும் உயிர்க்கேட்டை ஆரம்ப இம்சை என்றும், கொல்லவேண்டுமென்றே கொல்வதைச் சங்கல்ப இம்சை என்றும் முன்னோர் பகுத்தனர். பின்னதை இல்லறத்தாரும் நீக்கியே ஆக வேண்டும். ஒரு தொப்பிக்காக மருந்து தெளிப்பது பின்னதே என்பது நம் துணிபு. வீட்டில் மற்றப் பொருள்களுக்கும் பரவுமே என இளையோர் கேட்பது நியாயமே. அதனாற்றான் தொப்பியை வேலியோரம் கொண்டு வைத்துவிடச் சொல்கிறோம். பூச்சிக்கு உணவாகி மண்ணாகட்டும். தந்தை அணிந்தது, கணவர் அணிந்தது என்று மனம் தடுக்கும். அந்நினைவுக்காகப் பல உயிரைப் பலியிடத் துணியும்போதே சிக்கனம் பற்றாகிவிடுகிறது.

சீரான தொப்பியைக் கண்ணாடிப் பேழையில் பூட்டுவதும் நமக்கு உடன்பாடன்று. கடலை பறிக்க வருவோருள் வெறுந்தலையாய் நிற்பவர் விரும்பினால் கொடுத்துவிடலாம். புதிது தரலாமே எனில், அதுவும் தரலாம். உள்விளிம்பில் பருத்தித் துணிப் பட்டை ஒன்று தைத்துக் கொடுத்தால் நெற்றியில் ஓலை உறுத்தாது.