முதிய பெர்சியன் பூனைக்கு மனிதர் பட்ட கடன்

வயதான பெர்சியன் பூனையின் பின்புறத்தைக் கழுவிவிடுவதும் அதன் மலச்சிக்கலைத் தீர்ப்பதும் கருணையா, கடமையா? கருணை என்றால் செய்பவருக்குப் புண்ணியம், செய்யாதவர்மேல் பழியில்லை. கடமை என்றால் செய்யாமல் விடுவது குற்றம்.

விலங்குகளிடம் மனிதருக்கு நேரடிக் கடமை இல்லை என்று இம்மானுவேல் காண்ட் கருதினார். விலங்கை வதைத்துப் பழகியவர் மனிதரையும் வதைப்பார் என்பதே அவருடைய கவலை. ஜெரமி பெந்தம் 1789இல் வெளியான நூலில் துன்பத்தை உணரும் திறனையே அளவுகோலாக்கினார். அந்த அளவுகோலுக்குத் தெருப்பூனையும் வீட்டுப்பூனையும் ஒன்றுதான். மெய்யியலாளர் கிளேர் பாமர் 2010இல் வெளியிட்ட நூல் இங்கே ஒரு கோடு கிழிக்கிறது: துன்புறுத்தாமல் இருப்பது எல்லா விலங்குகளுக்கும் பொதுவான கடமை, உதவும் கடமையோ, ஒரு விலங்கைத் தம்மை நம்பி வாழும்படி ஆக்கியவர்களைச் சேரும்.

பெர்சியனுக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி நடந்த காலம் தொட்டு, நீண்ட ரோமத்துக்காகவே இந்த இனம் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. பூனையின் நாக்கில் உள்ள சிறு முட்கள் எச்சிலைத் தோல்வரை கொண்டுசேர்க்கும். அலெக்ஸிஸ் நோயல், டேவிட் ஹு இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முட்கள் தோலை எட்டாத பூனையாகப் பெர்சியன் மட்டுமே தனித்து நின்றது. தன் நாவால் தன்னை முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாத உடலை மனித ரசனை அதற்குக் கொடுத்திருக்கிறது.

முதுமையில் இந்தக் கடன் கூடுகிறது. மூட்டுவாதம் வந்த பூனையால் உடலை வளைத்துப் பின்புறத்தை நக்க முடியாது. சிக்கு விழுந்த முடியில் மலம் ஒட்டிக் காய்ந்து, அடியில் தோல் புண்ணாகி, ஈ முட்டையிட்டுப் புழுவும் வைக்கும். மலச்சிக்கல் வந்தால் வயிற்றில் போன முடியையே பலரும் குறைசொல்கிறார்கள். சிறுநீரகம் பழுதாகி உடலில் நீர் வற்றுவதும், குந்தும்போது இடுப்பு வலிப்பதும் காரணமாக இருக்கலாம். சில பூனைகளுக்குச் சிக்கே ஆசனவாயை அடைத்துவிடுகிறது. அவ்விடத்து முடியைக் கிளிப்பரால் ஒட்டக் குறைக்க வேண்டும். கத்தரிக்கோல் பட்டால் சிக்கோடு மேலெழும்பிய மெல்லிய தோலும் வெட்டுப்படும். ஈரமான உணவும் விளிம்பு தாழ்ந்த மலத்தட்டும் உதவும். மனிதருக்கான பாஸ்பேட் எனிமா பூனையின் உயிரையே பறிக்கக்கூடியது.

பிடித்து அமுக்கிக் கழுவுவதும் பூனைக்குத் துன்பம்தானே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. யாருடைய தேவைக்காகச் செய்யப்படுகிறது என்று பார்த்தால் வழி தெளியும். மணக்க மணக்கக் குளிப்பாட்டுவது மனிதரின் மூக்குக்கு; புண்ணாகாமல் துடைத்துவிடுவது பூனைக்கு. உடல் முழுவதும் முடியைக் குறைத்தால் அழகோடு, குளிரிலிருந்தும் வெயிலிலிருந்தும் கிடைக்கும் காப்பும் போகும். காப்பின் இழப்பு பூனையுடையது, ஆகவே அதைப் பூனைக்குத் தேவையானபோது மட்டுமே செய்யலாம். இந்த இனத்தைத் தாம் உருவாக்கவில்லையே என்று வளர்ப்பவர் விலகவும் முடியாது. விலைகொடுத்து வாங்கியவர் அந்த வளர்ப்புமுறை தொடரத் துணைபோனவர், எடுத்து வளர்ப்பவர் பொறுப்பை விரும்பி ஏற்றவர்.

பெருங்குடல் விரிந்து, சுருங்கும் திறனை இழந்து, மருந்தும் பலிக்காத நிலையில் கருணைக்கொலை கூடுமா என்பதைப் பாமரின் வாதம் மட்டும் தீர்க்காது. சமண மரபில் அதுவும் இம்சைதான்; பிஞ்சராபோல் எனப்படும் காப்பகங்களில் விலங்குகள் இயல்பான இறப்புவரை பேணப்படுகின்றன. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் வேதனையில் துடித்த கன்றை ஊசிபோட்டு இறக்கச் செய்த காந்தி, மீட்க வழியில்லாத வலியை முடிப்பது அகிம்சைக்கு முரணாகாது என்று வாதிட்டார். அதற்குக் கடும் கண்டனம் எழுந்தபோதும் அவர் அந்த நிலையிலிருந்து மாறவில்லை.