சின்னமும் நினைவும்

பொருள்களைச் சேகரித்தல் மனிதனின் பழைமையான ஈடுபாடுகளுள் ஒன்று. நாணயமோ முத்திரையோ சேகரிப்பவனின் ஒழுக்கத்தை எவரும் ஐயுறுவதில்லை. ஆயின், இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானியப் படையினர் அணிந்த சின்னங்களைத் தேடித் தொகுப்போரைப் பற்றி அவ்வாறு அமைதிகொள்ள இயலாது. நாஸிக் கொள்கையில் எவ்விதப் பற்றும் அற்றவர் பலர் இவர்களுள் உளர். எனினும், கொடுங்கோன்மையொன்றின் அடையாளத்தை அதன் அருமை கருதி விரும்பி வைத்திருத்தல் தகுமா என்னும் வினா அவர்களையும் விடுவதில்லை.

இச்சேகரிப்பாளர் எதனை அரியது என்கின்றனர் என்பது முதற்கண் நோக்கற்பாலது. ஒரே சின்னம் பல தொழிலகங்களில் உருவாக்கப்பட்டது. லூடென்ஷைட் நகரம் அத்தகைய தொழிலகங்களுக்குப் பெயர் பெற்றது. அச்சு, ஊசி, கீல், கொளுக்கி, பின்புறத்துள்ள உற்பத்தியாளர் குறி ஆகியவற்றிற் காணப்படும் நுண்ணிய வேறுபாடுகளே ஒரு வகையை மற்றொன்றினின்றும் பிரிக்கின்றன. போரின் தொடக்கத்திற் செம்பு மிகுந்த கலப்புலோகத்திற் செய்யப்பட்ட சின்னங்கள், போர் நீண்டபோது துத்தநாகத்திற் செய்யப்பட்டன. உயர்ந்த உலோகங்கள் படைக்கலங்களுக்குத் தேவைப்பட்டமையே இதன் காரணம். ஒரு சிறு வில்லையின் பின்புறம் ஒரு நாட்டின் பொருளாதாரம் தளர்ந்த கதையைச் சொல்கின்றது. இவ்வறிவைப் பயனற்றதெனத் தள்ளுதல் நேர்மையாகாது.

ஆனால் அருமை என்பது உலோகத்தையும் கொளுக்கியையும் மட்டும் பொறுத்ததன்று. 1918இல் நிறுவப்பட்டு, 1939இல் மீண்டும் வழக்குக்கு வந்த காயச் சின்னம் கறுப்பு, வெள்ளி, பொன் என மூன்று தரத்தது. ஓரிரு காயங்களுக்குக் கறுப்பு; மூன்று அல்லது நான்கிற்கு வெள்ளி; ஐந்துக்கும் அதற்கு மேலும் பொன். தரம் உயர உயர, மனித உடலின் சிதைவும் மிகுகின்றது. 1944 ஜனவரி 30இல் நிறுவப்பட்ட மற்றொரு சின்னம் இதனினும் கொடிது. கெரில்லாப் போராளிகளுக்கு எதிரான நடவடிக்கைகளுக்காக வழங்கப்பட்ட அதில், பலதலைப் பாம்பொன்றை வாள் ஊடுருவி நிற்கின்றது. 20 நாட் போருக்கு வெண்கலம், 50 நாளுக்கு வெள்ளி, 100 நாளுக்குப் பொன் என்பது விதி. பொன் தரத்தைப் பெற்றோர் மிகச் சிலர்; ஆதலின் அது கிடைத்தற்கரியது எனப் போற்றப்படுகின்றது. அத்தகைய நடவடிக்கைகள் எவ்வாறு நிகழ்ந்தன என்பதற்குப் பெலாருஸ் நாட்டின் ஹத்தின் என்னும் சிற்றூர் சான்று. 1943 மார்ச் 22இல் அவ்வூர் மக்கள் களஞ்சியமொன்றில் அடைக்கப்பட்டு எரியூட்டப்பட்டனர். மாண்ட 149 பேருள் 75 பேர் சிறுவர். நூறு என்ற எண்ணின் பின்னால் இத்தகைய ஊர்களும் நிற்கின்றன.

ஆகவே இவற்றை உருக்கிவிடுதலே அறம் எனச் சிலர் கூறக்கூடும். ஆனால் அவ்வாறு செய்வதால் குற்றம் அழிவதில்லை, சான்றே அழிகின்றது. ஜேர்மானியச் சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே அமைந்துள்ளது. நாஸி அடையாளங்களைப் பொதுவிற் பயன்படுத்துதலைத் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவு தடைசெய்யினும், கலை, ஆராய்ச்சி, கல்வி ஆகியவற்றிற்கு விலக்கு உண்டு. 1957இல் மேற்கு ஜேர்மனி இயற்றிய சட்டம், முன்னாட் படைவீரர் தம் பதக்கங்களைச் சுவஸ்திகா நீக்கப்பட்ட வடிவில் அணிய இடமளித்தது. அப்புதுவடிவம் கண்ணை உறுத்துவதில்லை. ஆயின் எந்த ஆட்சியின்கீழ் அப்பதக்கம் ஈட்டப்பட்டது என்பதனையும் அது சொல்வதில்லை. குறி நீங்கிய பதக்கத்தினும் குறியுடைய பதக்கமே உண்மையை மிகுதியாகக் கூறுகின்றது. மேலும், விலை ஏறுமிடத்துப் போலிகள் பெருகுகின்றன. மெய்யான சான்றைப் போலியினின்றும் பிரித்தறியும் நுண்ணறிவு சேகரிப்பாளனிடம் உண்டு என்பதும் மறத்தற்கரியது.

நூல்களைச் சேகரிப்பதிற் பேரீடுபாடு கொண்டிருந்த ஜேர்மானிய யூதச் சிந்தனையாளர் வால்ற்றர் பெஞ்சமின், பொருள்களைப் பயன்பாடு என்னும் தளையினின்றும் விடுவிப்பவனாகச் சேகரிப்பாளனைக் கண்டார். நாஸிகளுக்குத் தப்பியோடிய அவர், 1940இல் ஸ்பானிய எல்லையூரான போர்ட்போவில் உயிர்நீத்தார். அவர் கருத்தை இச்சின்னங்களோடு பொருத்திப் பார்த்தல் தகும். படைச் சின்னத்தின் பயன், போரின் கொடுமையைப் புகழாக மாற்றுவதாகும். மார்பினின்றும் பேழைக்கு வரும்போது அப்பயனிலிருந்து அது விடுபடுகின்றது, இது நன்றே. ஆனால் அப்பேழையில் அச்சும் கொளுக்கியும் விலையும் மட்டுமே எஞ்சுமாயின், அது நினைவிலிருந்தும் விடுபட்டுவிடுகின்றது. பயனிலிருந்து விடுவித்தல் வேறு. நினைவிலிருந்து விடுவித்தல் வேறு. முன்னையது அறத்தோடு பொருந்தும். பின்னையது, கொல்லப்பட்டோரை மறந்து கொன்றோரின் அணிகலனைக் காப்பதாக முடியும்.

எனவே, தவறு உடைமையில் இல்லை; பார்வையிலேயே உளது. சேகரிப்பாளன் தன் பட்டியலில் உற்பத்தியாளர் குறியை எழுதும் அதே கவனத்தோடு, அச்சின்னம் எச்செயலுக்காக வழங்கப்பட்டது, அச்செயலால் மாண்டோர் யாவர் என்பனவற்றையும் எழுதக் கடமைப்பட்டவன். எண்ணிக்கையிற் குறைந்தது என்ற ஒரே காரணத்தால் ஒன்று போற்றத்தக்கதாகிவிடாது. ஹத்தின் ஊரின் பெயரை எழுத இடமில்லாத பட்டியலில், பொன் தரச் சின்னத்திற்கும் இடமிருத்தலாகாது.