தோற்ற மருந்தும் பர்ளு கிபாயாவும்

காரைநகரிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் ஒரு தாய், என் மாணவனின் அம்மா, கேட்டார்: "மாஸ்ரர், புது மருந்தெண்டு எங்கட உடம்பில சோதிச்சுப் பாப்பினமோ?"

"கேளாமல் செய்யமாட்டினம்" என்றேன்.

ஒப்லிமெர்சன் என்ற ஆன்டிசென்ஸ் மருந்து நினைவுக்கு வந்தது. புற்றுக்கலத்தைச் சாகவிடாமல் காப்பது பிசிஎல்-2 என்ற புரதம். அதை உண்டாக்கும் ஆர்.என்.ஏ. செய்தியில், அதற்கு எதிரிணையான 18 எழுத்துத் துண்டை ஒட்டவைத்து, செய்தியையே சிதைப்பதுதான் இம்மருந்தின் வேலை. அருமையான யோசனை. மெலனோமா முற்றிய 771 பேரில் சோதித்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வழமையான மருந்து மட்டும். ஆயுளை நீட்டியதாக நிறுவ முடியவில்லை. 2004இல் அமெரிக்க நிபுணர் குழு, சான்று போதாது என்றது.

மருத்துவக் கல்வி பர்ளு கிபாயா என்றார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும். அந்த 771 பேரும் நமக்காக அதில் பங்குகொண்டவர்களா? ஸதகா செய்தார்கள் என்று சொல்லிவிடலாம். நம் மேடைகளில் சொல்லியும் விடுவோம். ஆனால் அவர்களின் நிய்யத் கொடுப்பதல்ல, பிழைப்பது. கொடுக்க நினையாதவரிடம் பெற்றது ஸதகா ஆகாது, கடன். தோல்வியை மறைக்காமல் எழுதிவைப்பது அதன் முதல் தவணை. 2006இல் அந்த முடிவுகள் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தன.

கேட்டாலும் மறுக்கலாம் என்று அந்தத் தாயிடம் நான் சொல்லவில்லை. நாளை சொல்லவேண்டும்.