ஏரியின் அழிவு இறைவன் சங்காரமோ?

தெய்வச் சேக்கிழார் அவதரித்த குன்றத்தூருக்கு அணித்தாயுள்ளது திருநீர்மலை. அம்மலையைச் சூழ்ந்துநின்ற நீர் வடியுமளவும் திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்தனர் என்று தலவரலாறு கூறும். நீரைத் தன் பெயரிலேயே கொண்ட அவ்வூர் ஏரியில் கழிவுநீர் கலக்க, ஆகாயத்தாமரை படர்ந்து நீரை மறைப்பதாயிற்று.

"தோன்றியன ஒடுங்குதல் இயல்பு; ஏரி தூர்ந்து தரையாதலும் அத்தகையதே; இறைவன் செய்யும் சங்காரத்திற்கு நம்மைக் குறைகூறுதல் என்னை?" என்பாரும் உளர். அக்கூற்றினை ஆராய்வாம்.

ஏரிக்கு மூப்புண்டென்பது மெய்யே. வண்டல் படியும், கோரையும் நாணலும் கரையினின்று உள்நோக்கி வளரும், நீர்நிலை சதுப்பாகிப் பின் தரையாம். ஆயின் இயற்கை ஏரிகளில் அதற்குப் பன்னூறாண்டுகளும், சிலவற்றிற்குப் பல்லாயிரம் ஆண்டுகளும் செல்லும். இக்காலத்து நிகழ்வதோ வேறு. மலக்கழிவிலும் சலவைத்தூளிலும் வயலுரத்திலும் உள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் பயிருக்கு உணவாவன. அவை நீரில் மிகின் பாசியும் களையும் அளவின்றிப் பெருகி ஒளியை மறைக்கும். அவை மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு செலவாக, மீன்கள் மூச்சின்றி இறக்கும். அளவு கடந்த உணவே நஞ்சாயிற்று.

1973இல் கனடாவில் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஓர் ஏரியைத் திரையிட்டு இருகூறாக்கினர். இரண்டிலும் கரிச்சத்தும் நைட்ரஜன் சத்தும் இட்டு, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தனர். அக்கூறே பாசியால் பச்சைநிறமெய்தியது. காலம் இரண்டிற்கும் ஒன்றே. கலந்த பொருளே வேறு. ஆகலின் இவ்வழிவு காலத்தான் வந்ததன்று. நம் வினையான் வந்ததென்க. சங்காரமாவது உயிர்களின் இளைப்பொழிக்க இறைவன் செய்யும் அருட்செயலென்பது நம் சித்தாந்தம். உயிர்களைத் திணறச் செய்யும் நம் செயலை அவன்மேல் ஏற்றுதல் சிவாபராதமாம்.

கல்லெறிய விலகி மீளக் கூடும் பாசியின் உவமை நம் சாத்திரம் பயின்றார் அறிந்ததே. கழிவுநீர் வாய்க்காலைத் திறந்துவைத்து ஆகாயத்தாமரையை மட்டும் வாரியகற்றுதல் அக்கல்லெறிதலையே ஒக்கும். அமெரிக்க நாட்டு வாஷிங்டன் ஏரியில் விழுந்த நகரக் கழிவை 1963 முதல் 1968 வரை படிப்படியாய் விலக்கினர். சில ஆண்டுகளில் நீர் தெளிந்தது. ஆகாமியம் நின்றவழியும் பிராரத்தம் நுகர்ந்தே கழிதல்போல, அடிச்சேற்றில் முன்னர்ப் படிந்த சத்து சிலகாலம் பாசியை விளைக்கும். அதுகண்டு சோர்தல் கூடாது. ஏரிக்குற்ற இம்மாசு ஆகந்துகம், சகசமன்று. வருவழி அடைப்பின் நீங்கும்.

திருநீர்மலை 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது. கழிவைத் தூய்மைசெய்தன்றி நீர்நிலையில் விடாமை ஆள்வோர் கடன். நம் கடன் யாது? மடைப்பள்ளிக் கழிநீர் திருக்குளத்திற் சேராமல் காத்தல். அதனைச் செய்தபின்னரே ஊராரை நோக்கி நாம் பேசுதல் தகும்.