கூழும் சோப்பும்

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒருவரை உச்சத்தில் வைத்துப் பாராட்ட வேண்டுமென்றால், 'மெழுகுவத்தியாகத் தன்னை உருக்கிக்கொண்டவர்' என்பார்கள். அடக்கப் பூசைப் பிரசங்கம், ஓய்வுபெறும் ஆசிரியைக்கு வாசித்தளிக்கும் மடல் எதிலும் இந்த வரி தப்பாது. மறைக்கல்வி வகுப்பில் அந்த மெழுகுவத்திக்கு எங்களுக்குக் காட்டப்பட்ட உதாரணம், ஹவாயின் மொலோகாய்த் தீவில் தொழுநோயாளரிடையே வாழ்ந்த குரு தமியான். அதே தீவில் வாழ்ந்த இன்னொருவரைப் பற்றி வெகுகாலம் கழித்து வாசித்தபோதுதான், தொண்டு செய்கிறவர் உருகித்தான் தீரவேண்டுமா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

தமியான் பெல்ஜியத்தின் த்ரெமெலோ என்ற ஊரில் 1840இல் பிறந்த விவசாயி மகன். ஹவாய்க்குப் போகவேண்டியவர் அவருடைய அண்ணன். அவர் காய்ச்சலில் படுத்துவிட, தம்பி கப்பல் ஏறினார். 1864இல் ஹொனலுலுவில் குருப்பட்டம் பெற்றார். அப்போது ஹவாய் தனி முடியரசு. மறு ஆண்டே தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரிக்கும் சட்டம் அங்கே வந்தது. நோயும் கப்பலில்தான் அந்தத் தீவுகளுக்கு வந்தது, குருவும் கப்பலில்தான் வந்தார். இதை மறந்துவிட்டு மிஷனரிகளைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைக்கிறேன்.

பிடிபட்டவர்களை 1866 முதல் மொலோகாய்த் தீவின் வடக்கு முனையில் கொண்டுபோய் இறக்கினார்கள். மூன்று பக்கமும் கடல், நாலாவது பக்கம் செங்குத்தான மலைச்சுவர். 1873 மே மாதம் தமியான் அங்கே போனார். குருக்கள் முறைவைத்துப் போய்வருவது என்றுதான் ஏற்பாடு. அவர் திரும்பவில்லை.

வீடு கட்டினார், தண்ணீருக்குக் குழாய் பதித்தார், சவப்பெட்டிக்குப் பலகை அறுத்தார், குழியும் வெட்டினார். சேப்பங்கிழங்கை இடித்துச் செய்யும் கெட்டிக் கூழ்தான் அந்த மக்களின் சோறு. ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து விரலால் எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்தப் பாத்திரத்தில் அவரும் கைவைத்தார். தன் புகைக்குழாயைக் கேட்டவருக்குக் கொடுத்தார். பிரசங்கத்தில் 'சகோதரரே' என்று அழைப்பதில்லை, 'தொழுநோயாளராகிய நாம்' என்றே பேசுகிறேன் என்று, தீவுக்குப் போன அந்த வருடமே அண்ணனுக்கு எழுதினார். உடம்பில் நோயின் சுவடே இல்லாத காலத்தில் சொன்ன 'நாம்' அது.

அவர் கொடுத்த விலை இன்னொன்றும் உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்ய அவருக்கு வேறொரு குரு வேண்டும். சபை மேலதிகாரி கப்பலில் வந்தார். தீவில் இறங்கவோ தமியானைக் கப்பலில் ஏற்றவோ அனுமதி இல்லை. கீழே படகில் நின்றபடி, மேல்தளத்திலிருந்தவரை நோக்கித் தன் பாவங்களை உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார் தமியான். ஒரு மனிதனுக்கு இதைவிடத் தனிமை இருக்க முடியுமா?

1884 டிசம்பரில் கொதிக்கிற நீரில் கால் வைத்தார். தோல் கொப்பளித்தது, சுடவில்லை. வலி போய்விட்டால் கையும் காலும் எப்படிச் சிதைகின்றன என்பதைப் பிற்காலத்தில் நம் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் நுணுக்கமாக விளக்கினார். தமியானுக்கு அந்தப் பாடம் ஒரே கணத்தில் புரிந்தது. 1889 ஏப்ரல் 15 அன்று, 49 வயதில் இறந்தார். அழுக்கானவர், கவனமற்றவர் என்றெல்லாம் ஹொனலுலுப் போதகர் ஒருவர் எழுத, நாவலாசிரியர் ஸ்டீவன்சன் வெகுண்டு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அவரும் அழுக்கை மறுக்கவில்லை. அழுக்கோடு சேர்த்தே தமியான் பெரியவர் என்றார்.

இனி அந்த இன்னொருவர். மரியான் கோப் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கன்னியாஸ்திரி. நியூயார்க் மாநிலத்தில் மருத்துவமனையை நிர்வகித்தவர். ஹவாய் அரசர் கலாகவுவாவின் வேண்டுகோளைப் பல சபைகள் தட்டிக்கழித்தபின், 1883இல் ஆறு சகோதரிகளோடு வந்து இறங்கினார். அவர் கொண்டுவந்த ஆயுதம் சோப்பும் தண்ணீரும்தான். ஒவ்வொரு முறையும் கை கழுவியாக வேண்டும். தன் சகோதரிகள் யாருக்கும் இந்த நோய் வராது என்று வாக்குக் கொடுத்தார். வரவும் இல்லை. 1888 நவம்பரில் மொலோகாய்க்கே குடிபோய், அங்கிருந்த சிறுமிகளுக்கு அழகான உடை தைத்து உடுத்தி, வெற்று நிலத்தில் மரமும் பூச்செடியும் வைத்து, 30 ஆண்டுகள் வாழ்ந்து, 80 வயதில் முதுமையால் இறந்தார்.

என் அப்பா கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது முதுகில் புண் வந்துவிட்டது. கையுறை போட்டுத்தான் கட்டு மாற்ற வேண்டும் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் கற்றுக்கொடுத்தார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, பெத்த அப்பனைத் தொட உறை கேக்குதாடா உனக்கு?" நர்ஸ் நிதானமாகச் சொன்னார்: "அம்மா, இது சாரைக் காப்பாத்த இல்ல. சார் கையில இருக்கறது பெரியவர் புண்ணுக்குள்ள போகாம இருக்கத்தான்." அத்தை சமாதானமாகவில்லை. நான் இல்லாத நேரத்தில் வெறுங்கையால் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பாள். அப்பாவின் முகம் அப்போதுதான் தெளியும். கட்டு மாற்றும்போது தெளியாது. ஆனால் புண் ஆறியது கட்டினால்தான்.

எனவே இருவரில் யார் பெரியவர் என்று என்னைக் கேட்டால், என் ஓட்டு மரியானுக்கு. உருகுவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. நாளைக்கும் அதே வேலைக்கு எழுந்து வருவதில் அது இல்லை. ஆனாலும் தமியானை அந்தத் தீவிலிருந்து கழித்துவிட முடியவில்லை. தொடத் தகாதவர்கள் என்று சட்டமே சொல்லி அனுப்பியவர்களிடம் முதலில் வந்தவர் சோப்போடு வந்திருந்தால், அவரும் அரசாங்க ஆள்தான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இருவருமே பின்னாளில் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள், 2009இலும் 2012இலும். ஆனால் அதே தீவுக்குப் போன ஜோனதன் நபேலாவுக்குப் பீடம் இல்லை. ஹவாய்க்காரர்; மோர்மன் மறைநூலை ஹவாய் மொழியில் பெயர்க்க உதவியவர். மனைவி கிட்டிக்கு நோய் கண்டது. தமியான் போன அதே 1873இல் அவரும் மனைவியோடு போனார், நோயை வாங்கிக்கொண்டு 1879இல் இறந்தார். அவரைப்போல உறவுக்காகக் கூடவே போன ஹவாய் மக்கள் பலர். கடல் கடந்து போனால் தொண்டு, கட்டிய மனைவிக்குச் செய்தால் கடமை என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

மரியானைக் குளிர்ந்த மனசுக்காரர் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இதையும் சொல்லவேண்டும். 1886இல், நோய் உறுதியான பிறகு, தமியான் ஹொனலுலு வந்தார். அவர் வருவதைத் திருச்சபைப் பெரியவர்களும் விரும்பவில்லை, அரசு அதிகாரிகளும் விரும்பவில்லை. கதவைத் திறந்து உபசரித்தவர், எல்லாரையும் கை கழுவச் சொல்லிக்கொண்டிருந்த மரியான்தான்.