முடிந்த சண்டைக்குப் புள்ளியிடல்

குத்துச்சண்டையை விரும்பிப் பார்ப்போரிடையே ஒரு பழக்கம் உண்டு. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்து, வென்றவர் இன்னார் தோற்றவர் இன்னார் என அறிவிக்கப்பட்டு, பட்டமும் பணமும் வழங்கப்பட்டுவிட்ட ஒரு சண்டையை மீண்டும் திரையில் ஓடவிட்டு, கையில் தாளும் பென்சிலுமாக அமர்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் தாமே புள்ளியிட்டுச் செல்வர். வர்ணனையாளரின் குரல் தம் மனத்தைத் திருப்பிவிடும் என அஞ்சி ஒலியை அடைத்துவிடுவோரும் உளர். சுற்றுகள் முடிந்ததும் கூட்டிப் பார்ப்பர். அன்றைய நடுவர் தீர்ப்போடு தமது கூட்டுத்தொகை ஒத்திருப்பின் ஒருவகை நிறைவு. மாறுபடின் ஒருவகைச் சினம். அதே சண்டைக்கு ஆறு மாதம் கழித்து மறுபடியும் புள்ளியிட்டுத் தம்மோடு தாமே மாறுபடுவதும் நிகழ்வதுண்டு.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது வீண்வேலை. தாளில் எதனை எழுதினாலும் தீர்ப்பு மாறப்போவதில்லை. ஆயினும் இப்பழக்கத்தினுள் ஒழுக்கவியல் சார்ந்த வினா ஒன்று பொதிந்து கிடக்கிறது. எதனையும் மாற்றும் அதிகாரம் அற்ற ஒருவன், முடிந்துபோன ஒன்றைப் பற்றி வழங்கும் தீர்ப்பு நீதியின்பாற் பட்டதா, அன்றி நீதியின் வேடம் பூண்ட பொழுதுபோக்கா? வரலாற்றை எழுதுவோரும், பழைய வழக்கொன்றின் ஏடுகளைப் புரட்டுவோரும் எதிர்கொள்ளும் வினாவே இது. குத்துச்சண்டையில் அது மறைவின்றித் தெரிகிறது. ஏனெனில் இங்கு தீர்ப்பு எண்களாகவே எழுதப்படுகிறது.

புள்ளியிடும் முறை எளியது. அரங்கின் மூன்று பக்கங்களில் மூன்று நடுவர்கள் அமர்ந்திருப்பர். ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே எடுத்து, அதில் மேம்பட்டவருக்குப் பத்தும் மற்றவருக்கு ஒன்பதும் வழங்குவர். ஒருவர் தரையில் வீழ்த்தப்பட்டால் பெரும்பாலும் எட்டு. குத்துகளின் துல்லியம், பயன்தரும் முன்னேற்றம், அரங்கை ஆளும் திறன், தற்காப்பு ஆகிய நான்கும் அளவுகோல்கள். இந்நான்கில் எதற்கு எவ்வளவு நிறை என்பதை விதி அறுதியிட்டுக் கூறுவதில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

சட்டமெய்யியலாளர் எச். எல். ஏ. ஹார்ட் 1961இல் வெளியிட்ட 'சட்டம் பற்றிய எண்ணக்கரு' என்னும் நூலில், நீதிமன்றத் தீர்ப்பின் இயல்பை விளக்குவதற்கு விளையாட்டிற் புள்ளியிடுவோனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். புள்ளியிடுவோன் ஒருவன் நியமிக்கப்படாத விளையாட்டில் ஆட்டக்காரர் தாமே புள்ளியைக் கணிப்பர். அவன் நியமிக்கப்பட்டதும் அவனது சொல்லே இறுதியானது. ஆனால் இறுதியானது என்பதும் பிழைபடாதது என்பதும் ஒன்றல்ல. அவனும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டே புள்ளியிடுகிறான். அவன் சொல்வது எதுவோ அதுவே விதி எனக் கொள்வோமாயின், அது வேறொரு விளையாட்டாகிவிடும். அவனது மனம்போன போக்கே ஆட்டமாகிவிடும். ஆதலின் நியமனத்தின் பின்னரும் மற்றவர்களின் கணிப்புப் பொருளற்றுப் போவதில்லை. அதற்கு அதிகாரம் இல்லை, அவ்வளவே.

தாளும் பென்சிலுமாக அமர்ந்திருப்பவன் இந்த இடத்திலேயே நிற்கிறான். நடுவர் எவ்விதிக்குப் பொறுப்புடையவரோ அவ்விதியையே அவனும் பிரயோகிக்கிறான். யாருமே மீண்டும் புள்ளியிடாத உலகில், நடுவர் சொன்னதே நடந்தது என்றாகிவிடும். இந்த அளவில் அவனது செயல் நீதியோடு தொடர்புடையதே என்பது எனது துணிபு. ஆனால் எந்த அளவுக்கு என்பதைச் சண்டைகளைக் கொண்டே ஆராய வேண்டும்.

1987ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி லாஸ் வேகாஸ் நகரில் மாவின் ஹக்லரும் சுகர் றே லெனாடும் மோதினர். மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டு, மீண்டும் மீண்டும் புள்ளியிடப்பட்ட சண்டைகளுள் இது முன்நிற்பது. ஹக்லர் நடுத்தர எடைப் பிரிவின் சம்பியன். 1980 முதல் அப்பட்டத்தைக் கைவிடாதவர். லெனாட் அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் ஒரேயொரு சண்டையே செய்தவர். இயல்பில் இடக்கை முறையில் நிற்கும் ஹக்லர், அன்று வலக்கை முறையில் நின்று தொடங்கினார். தொடக்கச் சுற்றுகளை அதனாலேயே இழந்தார் எனப் பலரும் கருதுவர். பின்னர் அவர் முன்னேறிக்கொண்டேயிருந்தார். லெனாட் வட்டமிட்டு விலகிக்கொண்டேயிருந்தார். சுற்று முடியும் தறுவாயில் லெனாட் நின்று, கண்ணைப் பறிக்கும் வேகத்தில் குத்துகளைப் பொழிவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும், மணி அடிக்கும்.

ஒரு நடுவர் 115-113 என ஹக்லருக்கு வழங்கினார். மற்றொருவர் அதே 115-113ஐ லெனாடுக்கு வழங்கினார். மூன்றாமவர் 118-110 என லெனாடுக்கு வழங்கினார். அதாவது, பன்னிரண்டு சுற்றுகளில் ஏழினை ஹக்லர் வென்றதாக ஒருவர் கண்டார். இரண்டினை மட்டுமே வென்றதாக இன்னொருவர் கண்டார். வெற்றி லெனாடுக்கு.

இதில் உண்மை எது? முன்னேறிச் செல்பவனுக்கு மதிப்பளிப்போர் ஹக்லரையும், அவனைத் தன் விருப்பப்படி அலையவைப்பவனுக்கு மதிப்பளிப்போர் லெனாடையும் தெரிவர். இருவரும் விதியையே பின்பற்றுகின்றனர். யான் இட்ட புள்ளிகள் ஒருமுறை லெனாட் பக்கம் சாய்ந்தன. மறுமுறை சமநிலையில் நின்றன. இதனைக் கொண்டு, எல்லாம் பார்ப்போன் மனநிலையைப் பொறுத்ததே என முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு அவசரமானது. ஒரு வினாவுக்குச் சரியான விடை ஒன்றேயாக இல்லாதிருக்கலாம். அதனால் தவறான விடையே அதற்கு இல்லை என்றாகிவிடாது. 115-113 எந்தப் பக்கம் எழுதப்பட்டாலும் அதற்கு நியாயம் காட்டலாம். 118-110க்கு நியாயம் காட்டல் அரிது. மீண்டும் மீண்டும் புள்ளியிடுவதனால் கிடைக்கும் பயன், வென்றவர் இன்னார் என்ற உறுதியன்று. எவ்வெல்லைக்குள் நேர்மையானோர் மாறுபடலாம் என்ற அறிவே. இவ்வெல்லையை அறியாதவனே தீர்ப்பு மாறுபட்டதும் சதி என்று கூவுகிறான்.

ஹக்லரைப் பொறுத்தவரை இவ்வெல்லையால் ஆறுதல் எதுவும் இருக்கவில்லை. 1979இல் அன்ருவோபெர்மோவுடன் நடந்த சண்டை சமநிலை எனத் தீர்க்கப்பட்டதால் கைக்கெட்டிய பட்டத்தை இழந்தவர் அவர். 1987இன் பின் அவர் மீண்டும் அரங்கேறவேயில்லை. இத்தாலிக்குச் சென்று திரைப்படங்களில் நடித்தார். 2021இல் காலமானார். அத்தீர்ப்பை அவர் ஏற்றுக்கொள்ளவேயில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கற்ற எமக்கு மறுவிசாரணை என்பது புதிதன்று. அங்கே சிலம்பு உடைந்ததும் உண்மை ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுகிறது. தீர்ப்பளித்தவனே அதனை ஏற்று உயிர் விடுகிறான். அவ்வளவு தெளிவு கிடைத்தும் கோவலன் மீளவில்லை என்பது வேறு விடயம். ஹக்லர் - லெனாட் சண்டையில் உடைத்துப் பார்ப்பதற்கு ஒரு சிலம்பு இல்லை.

தவறான தீர்ப்பு வேறு, தவறு செய்த நடுவர் வேறு என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயோர்க்கில் லெனொக்ஸ் லூயிஸ், இவாண்டர் ஹோலிபீல்ட் ஆகியோரிடையே நடந்த சண்டை சமநிலை என அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் சுற்றில் லூயிஸ் மற்றவரைக் கயிற்றோரம் தள்ளி அடித்ததைத் திரையில் பார்த்த எவருக்கும் அச்சுற்று யாருடையது என்பதில் ஐயம் எழாது. ஆனால் ஒரு நடுவர் அதனை ஹோலிபீல்டுக்கு வழங்கியிருந்தார். பின்னர் விசாரணையில், திரையில் காண்பது தாம் அரங்கோரத்தில் கண்டதினின்றும் வேறுபடுவதாகவும், படப்பிடிப்பாளர்கள் தம் பார்வையை மறைத்ததாகவும் அவர் கூறினார். அவ்விளக்கத்தை நம்புவதும் நம்பாததும் அவரவரைப் பொறுத்தது. எனினும் கமராவின் கண் உயரத்திலிருந்து, தெளிந்த இடத்தை நாடி, வேண்டுமிடத்தில் மந்தகதியில் காட்டுவது. நடுவரின் கண் ஓரிடத்தில் கட்டுண்டது. முதுகு மறைத்தால் மறைத்ததுதான். ஒரு முறை போனால் போனதுதான். யார் வென்றார் என்பதைச் சொல்லத் திரை எமக்கு உதவும். அந்த நடுவர் குற்றவாளியா என்பதைச் சொல்ல அது போதாது. முதலாவதைச் சொல்லும் அதே மூச்சில் இரண்டாவதையும் சொல்லிவிடுவது மீள்பார்வையாளரின் பெருங்குறை.

சியோல் ஒலிம்பிக்கில் இக்குறையின் சுமை நடுவரையும் தாண்டி வேறொருவர் மீது விழுந்தது. 1988இன் இறுதிப் போட்டியில் அமெரிக்கரான றோய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார் எனவும், கொரியரான பாக் சி-ஹுன் 32ஐப் பதித்தார் எனவும் கணக்கிடப்பட்டது. ஐந்து நடுவர்களில் மூவர் பாக் வென்றதாகத் தீர்த்தனர். இங்கு சிலம்பு உடைந்து பரல் தெறித்துவிட்டது எனலாம். போட்டித் தொடரின் தலைசிறந்த வீரருக்கான வால் பாக்கர் கிண்ணம் ஜோன்ஸுக்கே வழங்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து நடுவர் பொத்தானை அழுத்திக் கணினியாற் புள்ளி கணிக்கும் முறை வந்தது. கையூட்டுக்குச் சான்று இல்லை என 1997இல் சர்வதேச ஒலிம்பிக் குழு கூறியது. பதக்கம் கைமாறவில்லை.

அச்சண்டையைப் பார்த்துத் தாளில் ஜோன்ஸுக்கு எழுதியோர் எண்ணிறந்தோர். அவர்கள் எழுதியது சரியே. ஆனால் அவ்வநீதிக்குப் பெயர் தேவைப்பட்டபோது உலகின் நாவில் வந்து நின்றது நடுவரின் பெயரன்று, பாக்கின் பெயர். அவர் தமக்குத் தாமே புள்ளி இட்டுக்கொள்ளவில்லை. மூன்று சுற்றுகள் நின்று அடிபட்டார். பிறர் உயர்த்திய கையோடு மேடையேறினார். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் தீர்ப்பைச் சுமந்தார். 2023இல் அவர் புளோரிடா மாநிலத்தின் பென்சகோலாவுக்குச் சென்று, அத்தங்கப்பதக்கத்தை ஜோன்ஸிடம் கையளித்தார். அதிகாரபூர்வமான பட்டியலில் பாக்கின் பெயரே நீடிக்கிறது. ஹார்ட் சொன்ன வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை யான் அறியேன்.

இதுவரை கூறியவை யாவும் புள்ளி சரியா பிழையா என்ற வினாவைச் சார்ந்தவை. அதனினும் கடினமான வினா வேறொன்று: புள்ளி எதனைப் பார்ப்பதேயில்லை?

1982 நவம்பரில் றே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக்-கூ கிம், பதினான்காம் சுற்றில் வீழ்த்தப்பட்டு, நாட்கள் சிலவற்றில் உயிரிழந்தார். பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டதற்கு இதுவே உடனடிக் காரணம். அச்சண்டை பல சுற்றுகள் சமமாகவே நடந்தது. புள்ளியிடுவோர்க்கு நல்ல பயிற்சி என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் புள்ளியிட என்னால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்று எண்ணியபோதே, ஏனையவற்றுக்கு எவ்வாறு இயல்கிறது என்ற ஐயமும் எழுந்தது. முடிவு தெரிந்திருப்பதுதான் வேறுபாடு எனின், அது பெரிய வேறுபாடன்று. மற்றச் சண்டைகளிலும் அதே அடிதான் அதே தலையில் விழுகிறது.

1990 மார்ச் 17ஆம் திகதி, லாஸ் வேகாஸில், ஜூலியோ சேசர் சாவேஸும் மெல்ட்ரிக் ரெய்லரும் மோதினர். இருவரும் அதுவரை தோல்வி காணாதவர்கள். ரெய்லருக்கு வயது இருபத்துமூன்று. கைகளின் வேகம் வியப்பூட்டுவது. பதினொரு சுற்றுகள் முடிந்தபோது, ஒரு நடுவர் 107-102 எனவும், மற்றொருவர் 108-101 எனவும் ரெய்லரை முன்னே வைத்திருந்தனர். மூன்றாமவர் 105-104 எனச் சாவேஸை வைத்திருந்தார். இறுதிச் சுற்றில் நின்றுகொண்டிருந்தாலே ரெய்லர் வென்றிருப்பார். அவரது மூலையிலிருந்தோரோ அச்சுற்றும் தேவை எனக் கூறி அவரை அனுப்பினர். புள்ளியைப் பிழையாகக் கணித்ததன் விலையை ஓர் உடல் செலுத்தியது. சாவேஸ் அவரை வீழ்த்தினார். ரெய்லர் எழுந்தார். மத்தியஸ்தர் றிச்சர்ட் ஸ்டீல் நலமா என வினவினார், பதில் வரவில்லை. சண்டையை நிறுத்தினார். அப்போது இரண்டு வினாடிகள் எஞ்சியிருந்தன.

அந்த இரண்டு வினாடிகளைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. வெல்ல வேண்டியவனிடமிருந்து வெற்றி பறிக்கப்பட்டது என்பது ஒரு சாரார் கட்சி. ஸ்டீல் செய்தது சரி என்பதே எனது கருத்து. இம்மனிதன் இக்கணத்தில் தன்னைக் காத்துக்கொள்ள வல்லவனா என்பதே மத்தியஸ்தரின் வினா. அவ்வினாவுக்குக் கடிகாரம் விடை தராது. புள்ளித்தாளும் விடை தராது.

முதன்முறை அச்சண்டைக்குப் புள்ளியிடுபவன் ரெய்லரின் கைகளையே பார்ப்பான். ஐந்து குத்து, ஆறு குத்து. சாவேஸிடமிருந்து ஒன்று அல்லது இரண்டு. பத்து, ஒன்பது. மறுமுறை தாளை வைத்துவிட்டு, சுற்றுகளுக்கிடையே மூலையில் அமர்ந்திருக்கும் ரெய்லரின் முகத்தை மட்டும் பார்த்தல் வேண்டும். வாயிலிருந்து வடியும் இரத்தத்தையும், சுற்றுக்குச் சுற்று ஏறும் வீக்கத்தையும் பார்த்தல் வேண்டும். அவர் ஒவ்வொரு சுற்றாக வென்றுகொண்டே அழிந்துகொண்டிருந்தார். முகத்தில் எலும்பு முறிந்திருந்ததும், நிறைய இரத்தத்தை விழுங்கியிருந்ததும் பின்னர் தெரியவந்தன. அதன் பிறகும் அவர் சண்டையிட்டார். முன்னிருந்த ரெய்லராக அன்று. பின்னாளில் அவரது பேச்சுக் குழறியதைக் கேட்டோர், 1990இன் அந்த இரவை நினையாதிருத்தல் அரிது.

அச்சண்டைக்கு யான் புள்ளியிட்ட தாள் ஒன்று உண்டு. பதினொரு வரிகள் நிரப்பப்பட்டுள்ளன. எட்டைத் தெளிவாகவே ரெய்லருக்கு எழுதியிருக்கிறேன். அவ்வெட்டையும் இன்றும் மாற்றமாட்டேன். பன்னிரண்டாம் வரி வெறுமையாக இருக்கிறது. முடியாத அச்சுற்றுக்கு யான் புள்ளியிடவில்லை.